நூறு வருஷம் சும்மா நின்ன இன்ஜின்

பட்டணத்துல இருக்கற நம்ம உறவுகள் அடிக்கடி ஒரு போட்டோ அனுப்புவாங்க. ஸ்டேஷன் வாசல்லயோ ரயில்வே ஆபீஸ் முன்னாடியோ மேடை கட்டி நிறுத்தி வச்சிருக்கற கரி இன்ஜின். அதுக்கு முன்னாடி பிள்ளைங்க நிப்பாங்க. இன்ஜின் பளபளன்னு கறுப்பா இருக்கும், ஓரத்துல சிவப்புப் பட்டை. அந்தப் படங்களைப் பாக்கறப்ப எல்லாம் எனக்கு இ.ஐ.ஆர். 21 ஞாபகம் வந்துடும். அதோட கதையைத்தான் இன்னைக்கு எழுதறேன்.

இங்கிலாந்துல லீட்ஸ் ஊர்ல கிட்சன் கம்பெனி 1855-ல செஞ்ச இன்ஜின் அது. கப்பல்ல கல்கத்தாவுக்கு வந்து ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயில சேர்ந்துச்சு. அந்தக் கம்பெனி ஹவுராவுல இருந்து ஹூக்ளிக்கு முதல் வண்டி விட்டதே 1854 ஆகஸ்ட் 15-லதான். நம்ம ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடினது 1856 ஜூலை 1-ந் தேதி. அப்படின்னா நம்ம ஊர்ப்பக்கம் ரயில் வர்றதுக்கு முந்தின வருஷத்து இன்ஜின் இது. பக்கத்துக்கு மூணு சக்கரம்தான், நடுவுல இருக்கறது மட்டும் பெருசு. இதுகூடப் பொறந்ததுதான் 22-ம் நம்பர். 'ஃபேரி குயின்'னு நீங்க கேள்விப்பட்டிருப்பீங்களே, அதுவேதான்.

1909-ல 21-க்கு ஓய்வு கொடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ஜமால்பூர் பணிமனை, ஹவுரா ஸ்டேஷன்னு காட்சிப் பொருளா நின்னுது. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லை, நூத்தியோரு வருஷம். ஓடினது அம்பத்தி சொச்சம் வருஷம், நின்னது அதைப்போல கிட்டத்தட்ட ரெண்டு பங்கு.

இரும்பு ஓடித் தேயறதைவிட நின்னு கெடறதுதான் ஜாஸ்தி. இது விவசாயிக்குப் புதுசு இல்லை. கரண்டு மோட்டார் வந்தப்புறம் மோட்டார் கொட்டாயில ஓரங்கட்டின ஆயில் இன்ஜினை ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் துடைச்சு, பொட்டு வச்சு, பெயிண்டு கூட அடிப்போம். பத்து வருஷம் கழிச்சு ஹேண்டில் போட்டுச் சுத்திப் பாருங்க, அசையாது. பிஸ்டன் இறுகிப் போயிருக்கும். தண்ணி ஓடற பக்கம் துரு தின்னுருக்கும். வெளியில மட்டும் பச்சைப் பெயிண்டு ஜம்முனு இருக்கும்.

கரி இன்ஜின்ல இது இன்னும் மோசம். அடுப்புல ஒதுங்கின சாம்பல்ல மழை ஈரம் பட்டா அதுவே இரும்பை அரிக்கும். பாய்லருக்கு மேல போர்த்தின தகட்டுக்கு உள்ளாற ஈரம் தங்கினா அது யார் கண்ணுக்கும் தெரியாது. மேல பெயிண்டு ஏற ஏற உள்ள தகடு மெலிஞ்சுகிட்டே போகும். 21-ஐ திரும்ப ஓட வைக்கலாம்னு கையில எடுத்தப்ப பாதி துருப்பிடிச்சுக் கிடந்துச்சு, நிறைய பாகம் காணவே காணோம்.

அந்த வேலையைச் செஞ்சது நம்ம பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். ஏன் பெரம்பூர்னா, 1997-ல ஃபேரி குயினை ஓட வச்ச கை அங்கேதான் இருந்துச்சு. அகலப்பாதையில கரி இன்ஜின் ஓட்டம் 1995 வாக்கில முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைங்களுக்கு டீசலும் கரண்டும்தான் தெரியும். கடையில கிடைக்காத பாகத்தை அளவெடுத்து, வார்த்து, கடைஞ்சு போடணும். அதைவிட முக்கியம் பாய்லர். நெல் அவிக்கிற மில்லுல வேலை பாத்தவங்களுக்கு அந்தப் பயம் தெரியும். முதல்ல ஆவி ஏத்த மாட்டாங்க, தண்ணியை ரொப்பி அழுத்திப் பாப்பாங்க. தண்ணி நசுங்காது, அதனால எங்கயாவது விட்டா பீய்ச்சறதோட போச்சு. அதே இடம் ஆவியில விட்டுச்சுன்னா பக்கத்துல நிக்கறவன் கதி அதோகதி.

2010 ஆகஸ்ட் 15 அன்னைக்கு அந்த இன்ஜின் சென்னை சென்ட்ரல்ல இருந்து ஆவடிக்கு ஓடுச்சு. பெரம்பூர் தாண்டி ஆவடி போற தடம் அந்த 1856-ம் வருஷத்துத் தடம்தான். அவ்வளவு பழைய பாதையில அதைவிடப் பழைய இன்ஜின். இந்த ஒண்ணுக்காகவே பெரம்பூர்க்காரங்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

புதுப் பாகம் அத்தனை போட்டப்புறம் அது பழைய இன்ஜினான்னு சில பேர் கேக்கறாங்க. கொழு தேஞ்சா கொழு மாத்தறோம், மேழி ஒடிஞ்சா மேழி மாத்தறோம். அப்பவும் வீட்டுல அதைத் தாத்தா கலப்பைன்னுதானே சொல்றோம்? எனக்கு அதுல சந்தேகமே இல்லை. ஆனா எதை மாத்தினோம், எது பழசுன்னு எழுதி வைக்கணும்.

அங்கதான் உங்க போட்டோ உதவும். வரைபடம் தொலைஞ்ச இன்ஜினுக்குப் பழைய போட்டோதான் சாட்சி. எந்த இடத்துல எந்தக் குழாய் போச்சு, பித்தளைத் தகடு எங்க இருந்துச்சுன்னு அதைப் பாத்துத்தான் சொல்ல முடியும். அதனால புகைபோக்கி முன்னாடி செல்ஃபி எடுத்து முடிச்சதும் கொஞ்சம் பக்கவாட்டுல போங்க. உச்சி வெயில்ல கறுப்பு உடம்பு வெறும் கறுப்பாத்தான் விழும். காலையில வெயில் சாஞ்சு அடிக்கறப்ப எடுத்தா ஆணித்தலை, ஒட்டுப்போட்ட தகடு, பெயிண்டு உப்பின இடம் எல்லாம் தனித்தனியா தெரியும். குனிஞ்சு அடிப்பக்கமும் எடுங்க, துரு அங்கதான் ஆரம்பிக்கும். நம்பர் தகட்டைக் கிட்டப் போய் எடுங்க. அடுத்த வருஷம் அதே இடத்துல நின்னு இன்னொண்ணு எடுத்தீங்கன்னா எது காணாம போச்சுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

பெரம்பூர் பக்கம் ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனா ஃபௌலர் கம்பெனி உழவு இன்ஜின் ஒண்ணு நிக்கும், தேடிப் பாருங்க. அதுவும் லீட்ஸ் சரக்குதான். வயலுக்குள்ள இறங்காது. வரப்போரமா நின்னு கம்பி வடத்தைச் சுத்தி, அந்தக் கோடியில இருக்கற கலப்பையை இழுக்கும். எதிர்ப்பக்கம் இன்னொரு இன்ஜின் நின்னு திருப்பி இழுக்கும். மாடு இல்லாம இங்கிலாந்துல அப்படித்தான் உழுதிருக்காங்க. நீங்க போனா அதோட வயித்துக்கு அடியில இருக்கற வட உருளையையும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்க.