கப்பலை விட்டவரும் கதையில் வந்தவரும்

"கதை மாந்தரை நம்பும்படி படைப்பது எப்படி? அசல் வாழ்க்கையிலிருந்து எவ்வளவு எடுக்கலாம்?" இதுதான் இந்த வாரத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நான் நாவலாசிரியர் இல்லை. நிகழ்ச்சி படைப்பது என் தொழில். அந்தத் தொழிலில் நாடகப் பிரதிகளும் கைக்கு வரும். அவற்றில் குடிகார அப்பா வருவார், அழுகிற அம்மா வருவார், கடைசிக் காட்சியில் திருந்தும் தம்பி வருவார். அந்த அப்பா எங்கே வேலை செய்கிறார், மாதக் கடைசியில் அவர் கையில் எவ்வளவு மிஞ்சும், அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டால் பதில் இருக்காது. பார்ப்பவர்களுக்கு அது தெரிந்துவிடுகிறது. உடனே அலைவரிசையை மாற்றிவிடுகிறார்கள்.

இதற்குப் பதில் தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் சிங்கப்பூர்த் துறைமுகத்திலேயே ஒரு பழைய வரலாறு இருக்கிறது.

1869ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு, இந்த வட்டாரத்திலிருந்து நீராவிக் கப்பலில் ஹஜ் யாத்திரை போவோர் தொகை கூடியது. ஜாவாவிலிருந்தும் சுமத்ராவிலிருந்தும் மலாய் மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் சிங்கப்பூரில் கூடிக் கப்பல் ஏறினார்கள். அப்படி 1880 ஜூலை 17ஆம் தேதி இங்கிருந்து புறப்பட்ட ஒரு கப்பலின் பெயரே 'ஜெட்டா'. சிங்கப்பூரின் புகழ்பெற்ற அரபு வணிகக் குடும்பமான அல்சகோஃப் குடும்பத்தாரின் நிறுவனத்துக்கு உரிய கப்பல் அது. பினாங்கிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ ஆயிரம் பயணிகளோடு இந்தியப் பெருங்கடலில் இறங்கியது. ஆண்களோடு பெண்களும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

வழியில் கடும் புயல். கொதிகலன்கள் இருந்த இடத்தைவிட்டு ஆட்டம் கண்டன. கப்பலுக்குள் தண்ணீர் ஏறியது. பயணிகளே வரிசையில் நின்று தண்ணீரை இறைத்துக் கொட்டினார்கள். ஆகஸ்ட் 8ஆம் தேதி பின்னிரவில், ஆப்பிரிக்காவின் குவார்டஃபுய் முனைக்கு அருகே, கப்பல் தலைவர் தம் மனைவியையும் முதன்மை அதிகாரியையும் இன்னும் சிலரையும் சேர்த்துக்கொண்டு உயிர்காப்புப் படகில் இறங்கினார். நடப்பதைப் பார்த்த பயணிகள் கத்தினார்கள், தடுத்தார்கள், கையில் கிடைத்ததைப் படகின்மீது எறிந்தார்கள். படகு போய்விட்டது.

அந்தப் படகில் இருந்தவர்களை 'சிந்தியா' என்ற கப்பல் காப்பாற்றி, ஆகஸ்ட் 10ஆம் தேதி ஏடன் துறைமுகத்தில் இறக்கியது. "எங்கள் கப்பல் மூழ்கிவிட்டது" என்றார்கள் அவர்கள். செய்தி தந்தியில் உலகமெங்கும் பரவியது. மறுநாளே 'ஆன்டனோர்' என்ற இன்னொரு கப்பல் ஏடனுக்குள் நுழைந்தது. அது பின்னால் இழுத்து வந்தது எதை என்று நினைக்கிறீர்கள்? மூழ்கியதாகச் சொல்லப்பட்ட ஜெட்டாவைத்தான். கைவிடப்பட்ட பயணிகள் அதில் உயிரோடு வந்து சேர்ந்தார்கள்.

விசாரணை நடந்தது. கப்பல் தலைவரின் சான்றிதழ் மூன்றாண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. முதன்மை அதிகாரியும் கண்டிக்கப்பட்டார். அவர் பெயர் அகஸ்டின் போட்மோர் வில்லியம்ஸ். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த ஒரு பாதிரியாரின் மகன். அப்போது அவருக்கு வயது 28.

இந்த வில்லியம்ஸ்தான் பின்னாளில் ஒரு நாவலின் நாயகன் உருவாகக் காரணமாக இருந்தவர். எழுதியவர் ஜோசஃப் கான்ராட். போலந்துக் குடும்பத்தில் 1857ல் பிறந்து, கப்பலில் வேலை செய்து, தம் மூன்றாவது மொழியான ஆங்கிலத்தில் எழுதிப் புகழ் பெற்றவர். 'லார்ட் ஜிம்' என்ற அந்த நாவல் 1899 முதல் ஓர் ஆங்கில இதழில் தொடராக வந்து, 1900ல் நூலாயிற்று. அதில் ஜிம் என்ற இளம் அதிகாரி, யாத்திரிகர் நிறைந்த கப்பலை விட்டுக் குதித்துவிடுகிறான். கப்பல் மூழ்கவில்லை. அந்த அவமானம் அவனைத் துறைமுகம் துறைமுகமாகத் துரத்துகிறது.

கான்ராட் இதையெல்லாம் எங்கே கேட்டார்? 1883 மார்ச் மாதம் அவர் சிங்கப்பூரில் இருந்தார். அவர் வேலை பார்த்த நிலக்கரிக் கப்பல் சுமத்ராவுக்கு அருகே தீப்பிடித்து, அவரும் மற்றவர்களும் அதை விட்டுவிட்டுப் படகில் தப்பியிருந்தார்கள். அதற்கான விசாரணை இங்கேதான் நடந்தது. யார்மீதும் குற்றமில்லை என்று முடிவாயிற்று. 'ஜெட்டா' கதை துறைமுகத்தில் இன்னும் பேசப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. பிறகு 1887ல் 'விடார்' என்ற கப்பலில் சேர்ந்து, சிங்கப்பூருக்கும் போர்னியோவின் பெராவ் ஆற்றுக்கும் இடையே சில முறை போய் வந்தார்.

அதாவது, கப்பலைக் கைவிட்டு வருவது என்றால் என்ன, விசாரணையில் நின்று பதில் சொல்வது என்றால் என்ன என்பது கான்ராடுக்குத் தம் சொந்த உடம்பில் தெரியும். வில்லியம்ஸிடமிருந்து அவர் நிகழ்ச்சியை எடுத்தார். அந்த நேரத்து மனத்தைத் தம்மிடமிருந்து எடுத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நம்பும்படியான பாத்திரத்துக்கு இந்த இரண்டும் வேண்டும். வெளியே பார்த்தது மட்டும் இருந்தால் அது செய்தி. உள்ளே உணர்ந்தது மட்டும் இருந்தால் அது புலம்பல்.

அடுத்து, ஜிம்முக்குக் கான்ராட் ஒரு வேலை கொடுத்தார். கப்பல்களுக்குச் சாமான் விற்கும் கடையில் எழுத்தர் வேலை. நங்கூரம் போட வரும் கப்பலை நோக்கி, போட்டிக் கடைக்காரர்களை முந்திப் படகில் போக வேண்டும். கப்பல் தலைவரைச் சிரித்த முகத்தோடு வரவேற்றுத் தம் கடைக்கு அழைத்து வர வேண்டும். வெயில், வியர்வை, போட்டி, பொய்ச் சிரிப்பு எல்லாம் அந்த வேலையில் இருக்கிறது. இது கற்பனை வேலையல்ல. வில்லியம்ஸ் பின்னாளில் சிங்கப்பூரில் மெக்காலிஸ்டர் என்ற நிறுவனத்தில் செய்த வேலையே அதுதான். கப்பலைக் கைவிட்டவன் தினமும் கப்பல்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஒரு வேலை ஒரு மனிதனைப் பற்றி எவ்வளவு சொல்லிவிடுகிறது, பாருங்கள்.

ஆனால் கான்ராட் ஒருவரை அப்படியே நகலெடுக்கவில்லை. நாவலின் பிற்பகுதியில் ஜிம் ஓர் ஆற்றங்கரை ஊரில் மலாய் மக்களின் நம்பிக்கையைப் பெற்றுத் தலைவன்போல் ஆகிறான். அந்தப் பகுதிக்குப் பெராவ் ஆற்றில் வணிகம் செய்த ஜிம் லிங்கார்ட் என்ற ஆங்கிலேயரும், 1841ல் சரவாக்கின் ராஜாவான ஜேம்ஸ் புரூக்கும் உதவியிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. நார்மன் ஷெரி என்ற ஆய்வாளர் இந்தத் துறைமுகங்களின் பழைய பதிவுகளையெல்லாம் தேடி, 1966ல் ஒரு நூலே எழுதினார். இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒருவரை உருவாக்குவது எழுத்தில் பழைய வழக்கம். ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் இருந்தால் போதும்.

கருத்தரங்கில் ஓர் இளையர் என்னிடம் கேட்டார்: "உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதினால் அவர் மனம் புண்படாதா?" நியாயமான கேள்வி. 'லார்ட் ஜிம்' வெளிவந்தபோது வில்லியம்ஸ் உயிரோடுதான் இருந்தார். அதற்குப் பிறகும் 16 ஆண்டுகள் வாழ்ந்து, 1916ல் காலமாகி, இங்கே பிடாடரி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அந்த இடுகாடு 2000ஆம் ஆண்டுகளில் அகற்றப்பட்டு, இன்று அந்த வட்டாரத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்திருக்கின்றன.

கான்ராட் பெயரை மாற்றினார், கப்பலை மாற்றினார், முடிவையும் மாற்றினார். அடையாளத்தை அழித்து, கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டார். "ஒரு கணத்தில் செய்த தவற்றோடு ஒருவன் மீதி வாழ்நாளை எப்படிக் கழிப்பான்?" என்ற கேள்வி அது. நீங்களும் அப்படியே செய்யலாம். உங்கள் அத்தையின் ரகசியத்தை எழுத வேண்டாம். அந்த ரகசியம் அவரை என்ன செய்தது என்பதை வேறொரு பெண்ணின் வாழ்க்கையில் வைத்து எழுதுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நாவலில் ஜிம் தன்னை அறிந்தவர்களைக் கண்டால் வேறு ஊருக்கு ஓடுகிறான். அசல் வில்லியம்ஸ் ஓடவில்லை. எல்லாருக்கும் விஷயம் தெரிந்த இதே சிங்கப்பூருக்குத் திரும்பி வந்தார். வேலை தேடிக்கொண்டார், மணம் முடித்தார், பிள்ளைகளை வளர்த்தார். ஏளனமாகப் பார்க்கக்கூடிய ஊரில் தினமும் வேலைக்குப் போவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். நாவலுக்கு அது பயன்படவில்லை. எனக்கு அந்த வில்லியம்ஸையும் யாராவது எழுத மாட்டார்களா என்று இருக்கிறது.

கான்ராட் மாற்றிய இன்னொன்றுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அசல் கப்பலில் புயல் அடித்தது. பயணிகள் விழித்திருந்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள், எதிர்த்துப் போராடினார்கள். நாவலிலோ கடல் அமைதியாக இருக்கிறது. கப்பல் நீருக்கடியில் எதன்மீதோ உரசுகிறது. பயணிகள் 800 பேரும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஏன் இந்த மாற்றம்? புயலிலும் கலவரத்திலும் ஓடினான் என்றால் நாம் ஜிம்மை மன்னித்துவிடுவோம். தூங்குகிறவர்களை விட்டு ஓடினான் என்றால் அவன் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. கதை அமைப்பு என்ற அளவில் இது மிகக் கெட்டிக்காரத்தனமான முடிவு.

ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. ஜெட்டாவில் உயிருக்குப் போராடிய ஆயிரம் பேர், உலகம் படித்த கதையில் தூங்குகிறவர்களாகிவிட்டார்கள். அதிகாரியின் மனச்சான்றுக்கு ஒரு முழு நாவல் கிடைத்தது. பயணச்சீட்டுக்காகப் பல ஆண்டுகள் காசு சேர்த்த ஒரு விவசாயிக்கு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படகைப் பார்த்துக் கத்திய ஒரு தாய்க்கு, அங்கே பெயர்கூட இல்லை. கான்ராடைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் தமக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து எழுதினார். மறுபக்கத்தை அந்தப் பக்கம் இருந்தவர்கள்தான் எழுத வேண்டும்.

தமிழில் அப்படி எழுதியவர் ப. சிங்காரம். சிவகங்கைப் பக்கம் சிங்கம்புணரியில் 1920ல் பிறந்தவர். 1938ல் சுமத்ராவின் மேடானுக்கு வந்து வட்டிக்கடையில் வேலை பார்த்தார். போருக்குப் பின் ஊர் திரும்பி, மதுரையில் நாளிதழ் ஒன்றில் பணியாற்றிக்கொண்டே எழுதினார். 'கடலுக்கு அப்பால்' 1959லும் 'புயலிலே ஒரு தோணி' 1972லும் வந்தன. ஜெட்டா கப்பல் ஆள் ஏற்றிய அதே பினாங்கு அவர் கதையிலும் வருகிறது. ஜப்பானியர் காலமும் நேதாஜியின் படையும் வருகின்றன. அவருடைய பாண்டியனை நாம் ஏன் நம்புகிறோம்? மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற படிநிலை உள்ள கடை உலகிலிருந்து அவன் வருகிறான். அவன் பேச்சிலும் கேலியிலும் அந்த உலகம் இருக்கிறது. அதை ஆசிரியர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அவரே அங்கு வாழ்ந்தவர்.

நமக்கும் அப்படிப்பட்ட உலகங்கள் இல்லாமல் இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் விடியற்காலை பால் வெட்டப் போனவர்கள் நம் பாட்டிமார்கள். கப்பல்துறையில் மூட்டை தூக்கியவர்கள் நம் தாத்தாமார்கள். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் இந்த இரு நாடுகளிலும் இருக்கின்றன. அவர்களைத் தியாகிகளாகவோ பாவப்பட்டவர்களாகவோ மட்டும் எழுதினால், நாமும் அவர்களைத் தூங்க வைத்துவிடுகிறோம்.

ஆகவே எழுத விரும்பும் இளையர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் மூத்தவர் இருந்தால் இந்த விடுமுறையில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். "கஷ்டப்பட்டீர்களா?" என்று கேட்காதீர்கள். "ஆமாம்" என்ற ஒரே சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். முதல் சம்பளம் எவ்வளவு, அதில் யாருக்கு என்ன வாங்கினீர்கள் என்று கேளுங்கள். யாரிடம் கடன் பட்டீர்கள், யாரோடு பேச்சை நிறுத்தினீர்கள், ஏன் என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பதில் சொல்லாமல் அவர் எழுந்து போய்விட்டால், எந்தக் கேள்விக்கு எழுந்து போனார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கதை அந்த இடத்தில் தொடங்கலாம்.