குரோம்பேட்டையின் குரோமும் பெரியப்பாவின் கைகளும்

பல்லாவரத்துல இருந்து ட்ரெயின் ஏறினா அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. அந்த 'குரோம்' பிரவுசர் இல்லீங்க, குரோமியம்ங்கிற உலோகம்.

முன்னாடி நம்ம ஊர்ல மாட்டுத்தோலை ஆவாரம்பட்டைச் சாறுல ஊறவச்சுப் பதனிடுவாங்க. வாரக்கணக்கில் ஆகும். 1884-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோமிய உப்பில் வேகமாகப் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1903-ல் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் அதைச் சோதித்துப் பார்த்தார். பிறகு சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரம் பக்கம் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்க, பேட்டைக்கு அந்தப் பேரே நிலைச்சிடுச்சு. சுத்துவட்டாரத்தில் டேனரிகளும் பெருகின.

அப்படி ஒரு டேனரியில்தான் என் பெரியப்பா வேலை பார்த்தார். கையெல்லாம் வெடிப்பு, அரிப்பு, நீர் கசிவு. வீட்டில் அவருக்குத் தனி டம்ளர். "கிட்டப் போகாத, ஒட்டிக்கும்"னு சொன்னாங்க, நானும் போகல. வேலையை விட்டுட்டு கொத்தனார் வேலைக்குப் போனார். இன்னும் மோசமாச்சு. "டேனரி காரணமில்ல, ரத்தமே கெட்டுப்போச்சு"ன்னு ஊரே முடிவு கட்டிடுச்சு.

ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு தோல் டாக்டர் பேட்ச் டெஸ்ட் எடுத்தார். 1895-ல் யோசஃப் யாடாசோன் அறிமுகப்படுத்திய சோதனை அது: சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்துப் பார்ப்பாங்க. பெரியப்பாவுக்குச் சிவந்தது பொட்டாசியம் டைகுரோமேட் ஒட்டின இடம். குரோமியம்! சிமென்ட்டிலும் அது இருக்கு. வேலைதான் மாறுச்சு, எதிரி மாறல.

இது ஒவ்வாமையால் வரும் எக்ஸிமா. ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது. உடம்பு ஒருமுறை குரோமியத்தை எதிரியா பதிவு பண்ணிட்டா, பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது. களிம்பு அரிப்பை அடக்கும். ஆனா காரணத்தை விலக்கினாத்தான் அது திரும்பத் திரும்ப வராம இருக்கும். குரோம்ல பதனிட்ட தோல் செருப்பு, தோல் கையுறைகூட ஆகாது. காரமான சோப்பைத் தவிர்த்து, மாய்ஸ்சரைசர் தினமும் தடவணும். ஸ்டீராய்டு களிம்பை மட்டும் டாக்டர் சொன்ன அளவுக்கு, சொன்ன நாளுக்கு.

தனி மனிதரால் மட்டும் தீர்க்கிற விஷயமும் இல்ல இது. டென்மார்க்கில் 1980-களின் தொடக்கத்திலேயே சிமென்ட்டில் ஃபெரஸ் சல்ஃபேட் கலந்து, தோலைப் பாதிக்கும் வகைக் குரோமியத்தைக் குறைச்சாங்க. கட்டடத் தொழிலாளர்களிடம் இந்த ஒவ்வாமையும் குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் சிமென்ட்டுக்கும் 2015-ல் தோல் பொருள்களுக்கும் வரம்பு வச்சது.

போன வாரம் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். 20 வருஷம் லேட்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.