பக்கத்துக் கட்டடம் சொல்லும் சாட்சி

முப்பதுகளில் இருக்கும் எனக்கு மூர் மார்க்கெட் என்றால் புறநகர் ரயில் ஏறும் இடம், அவ்வளவுதான். அங்கே பழைய புத்தகத்துக்குப் பேரம் பேசிய கதைகளைச் சீனியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1900-ல் திறந்த அந்தச் செங்கல் கட்டடம் 1985 மே மாதம் தீக்கிரையானது. எங்கள் செட்டில் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்களுக்கு மிச்சம் போட்டோ மட்டுமே.

பழைய சென்னைப் படங்கள் இப்போது நிறையவே கிடைக்கின்றன. ஆனால் பலவற்றில் இடமும் இல்லை, வருஷமும் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

சர்வே கேம்ப்பில் வெயிலில் காய்ந்துகொண்டு பிளேன் டேபிள் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? தெரிந்த மூன்று புள்ளிகளைப் பார்த்து, நாம் நிற்கும் இடத்தைத் தாளில் குறிப்போம். இங்கேயும் அதே வித்தைதான். படத்தில் இன்றும் நிற்கும் கட்டடங்களை முதலில் தேட வேண்டும். சென்ட்ரல் மணிக்கூண்டு, விக்டோரியா பப்ளிக் ஹால், ரிப்பன் மாளிகை ஆகியவை மூர் மார்க்கெட்டுக்கு அக்கம்பக்கம். எது எதை மறைக்கிறது, எந்தக் கோபுரம் எதற்கு இடப்பக்கம் என்று குறித்துக்கொண்டு, அதே காட்சி அமையும் வரை தெருவில் நடந்து ஒரு படம் எடுங்கள். அந்தக் காலத்துப் போட்டோகிராபர் நின்ற இடம் கிடைத்துவிடும். ஒரு படம் திசையைத்தான் காட்டும். வேறு இடத்திலிருந்து எடுத்த இன்னொரு படமும் இருந்தால், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் மறைந்த கட்டடம்!

ஒரு எச்சரிக்கை. நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட படங்களும் உண்டு. பெயர்ப்பலகை எழுத்துகளை முதலில் பார்த்துவிடுங்கள்.

வருஷத்துக்கும் சாட்சி உண்டு. ரிப்பன் மாளிகை 1913-ல் திறந்தது; அந்த இடம் காலியாக இருந்தால் படம் அதற்கு முந்தையது. சாலையில் டிராம் ஓடினால் 1953-க்குப் பிந்தியதாக இருக்க முடியாது.

ராஜாஜி சாலைக்கு வாருங்கள். 1892-ல் இன்றைய கட்டடத்துக்குப் போகும் முன் உயர் நீதிமன்றம் இயங்கியது பெண்டிங்க் கட்டடத்தில். 1990-களின் தொடக்கத்தில் அதை இடித்தார்கள். இப்போது அங்கே சிங்காரவேலர் மாளிகை. காரன்வாலிஸ் சிலைக்காகக் கட்டிய மண்டபம்தான் அங்கே நமக்குப் பிடிமானம். ஓமந்தூரார் தோட்டத்தில் கவர்ன்மென்ட் ஹவுஸ் போய்விட்டது. அதை அடையாளம் காட்ட 1802-ல் முடிந்த ராஜாஜி ஹால் இருக்கிறது.

ஆக, போன கட்டடத்துக்குச் சாட்சி, பக்கத்தில் தப்பித்த கட்டடம். அதுவும் போய்விட்டால் படம் ஊமைதான்.

இது நமக்கு வெளியே நடக்கிற கதை அல்ல. 1794-ல் எட்டே மாணவர்களோடு சர்வே பள்ளியாகத் தொடங்கிய நம் கல்லூரி, 1920-ல் கிண்டிக்கு வரும் முன் சேப்பாக்கம் கலஸ் மஹாலில் இருந்தது. 2012 ஜனவரியில் அந்தக் கலஸ் மஹால் தீயில் சிதைந்தது. நல்லவேளையாகப் பிறகு சீரமைத்தார்கள். ஒரே ராத்திரியில் நம் பழைய முகவரியே வெறும் போட்டோவாகப் போயிருக்கும்!

சீனியர்களே, உங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கும் குரூப் போட்டோக்களில் நீங்கள் பார்ப்பது நண்பர்களின் முகம். நாங்கள் தேடுவது அவர்களுக்குப் பின்னால் தெரியும் சுவரை. ஓரத்தை வெட்டாதீர்கள். பின்பக்கம் பென்சிலால் மூன்றே விஷயம் எழுதுங்கள்: எங்கே நின்று, எந்தப் பக்கம் பார்த்து, எந்த வருஷம். இதை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது.

தம்பி தங்கைகளே, செல்போனில் செல்ஃபி எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஹாஸ்டல், கேன்டீன், பஸ் ஸ்டாப் என்று சாதாரண இடங்களையும், பக்கத்துக் கட்டடம் தெரிகிற மாதிரி, ஆளுக்கு நாலு படம் எடுத்து வையுங்கள். முப்பது வருஷம் கழித்து ஒரு ஜூனியர் அதைத் தேடி வருவான்.