அளந்த பிறகே மூச்சு: வல்லம் ஒன்றியத்தில் இரத்த அழுத்தக் கல்வியும் மனக்கவனப் பயிற்சியும்

இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை கொண்டுசேர்ப்பதில் தமிழகம் வெகுதூரம் வந்துவிட்டது. நோயாளிக்குக் கற்பிப்பதில் அவ்வளவு தூரம் வரவில்லை. 2020இல் மாநிலம் தழுவி நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வின்படி, வயதுவந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது, அவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருந்தது. மறு ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. செஞ்சி வட்டத்தில் திண்டிவனம் பக்கமாக உள்ள வல்லம் ஒன்றியத்துச் சிற்றூர்களுக்கும் இத்திட்டமே வழி. மாத்திரையோடு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் எதைக் கற்பிக்கலாம்? மனக்கவனப் (மைண்ட்ஃபுல்னஸ்) பயிற்சிக்கு அங்கே இடம் உண்டு, ஆனால் சிறிய இடம்தான், அதுவும் வரிசை தவறாமல் செய்தால்தான் என்பது என் வாதம்.

இந்தத் துறையின் வரலாற்றை 1979இல் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மனக்கவன வகுப்பிலிருந்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1969இல், மும்பையில் கே.கே. தாத்தே குழுவினர் சவாசனத்தை இரத்தக் கொதிப்பு நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்டிருந்தனர். 1970களில் இங்கிலாந்தில் பொது மருத்துவராக இருந்த சந்திரா படேல், தளர்வுப் பயிற்சியை லான்செட் இதழ் வரை கொண்டுசென்றார். நம்மவர் இந்த முன்னோடிகளை மறந்துவிட்டு, அமெரிக்கச் சான்றிதழோடு திரும்பி வரும் அதே சரக்கை வியந்து வாங்குகிறார்கள்.

சான்றுகள் ஒரே திசையில் பேசவில்லை. கனடாவில் நடந்த ஹார்மனி ஆய்வு (2014), மாத்திரை எடுக்காத தொடக்கநிலை நோயாளிகளுக்கு எட்டு வாரப் பயிற்சி கொடுத்து, நாள் முழுதும் அளக்கும் கருவியால் சோதித்தது. அழுத்தம் குறையவில்லை. 2023இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் எரிக் லவுக்ஸ் குழு வெளியிட்ட ஆய்வில் 201 பேர். ஆறு மாத முடிவில் பயிற்சிக் குழுவின் மேல் அளவு (சிஸ்டாலிக்) 5.9 மி.மீ. இறங்கியது, மற்றக் குழுவில் 1.4 மட்டுமே. இரு ஆய்வுகளிலும் நோயாளிகளும் அளவிட்ட முறையும் வேறு. நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பிரவுன் பயிற்சி, இரத்த அழுத்தம் பற்றிய கல்வியோடு பின்னிக் கொடுக்கப்பட்டது. உணவு, உடலுழைப்பு, குடி, மருந்தை ஒழுங்காக எடுத்தல் ஆகியவற்றின் மீதே கவனத்தைத் திருப்பியது. அங்கே உணவுமுறை சீர்பட்டது, உட்கார்ந்தே இருக்கும் நேரமும் குறைந்தது. எதன் மீது கவனம் என்று சொல்லாத பயிற்சி நோயைத் தொடாது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

கிடைத்த கூடுதல் பயன் 4.5 மி.மீ. வழக்கமான அளவில் ஒரு மாத்திரை சராசரியாக 9 மி.மீ. குறைக்கும். ஆக, மிக நன்றாக நடந்த பயிற்சியின் விலைமதிப்பு அரை மாத்திரை. அதற்கும் வாரம் ஒரு நீண்ட வகுப்பு, வீட்டில் அன்றாடப் பயிற்சி, பெரும்பாலும் கல்லூரி படித்தவர்கள் என்ற சூழல் தேவைப்பட்டது. நூறுநாள் வேலைக்கும் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கவும் போகும் பெண்ணிடம் அந்த வகுப்பைக் கொண்டுபோக முடியாது.

கொண்டுபோகக்கூடியது வேறொன்று. அது என்னவென்று அறிய, இப்போது அளக்கும் விதத்தைப் பாருங்கள். காட்டிலிருந்து அப்போதுதான் வந்தவர் திண்ணையில் உட்காருகிறார். ரவிக்கைக் கையின் மேலேயே பட்டை சுற்றப்படுகிறது. கை மடியில் கிடக்கிறது. கருவி ஓடும்போதே பேச்சும் ஓடுகிறது. “தல சுத்தல் ஒண்ணும் இல்லியே, இன்னும் எத்தினி நாளைக்கும்மா இந்த மாத்திர?” பேசியதற்கே மேல் அளவு 10 மி.மீ. வரை ஏறலாம். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய, பேசாமல் உட்கார வேண்டும் என்று பெரும்பாலான மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. நோயாளிக்கு நாம் கொடுக்காமல் வைத்திருக்கும் ஐந்து நிமிடம் அது.

அந்த இடைவெளியில் பிராணாயாமத்தைப் புகுத்தலாமே என்று தோன்றும். அங்கேதான் பிழை நேரும். வல்லத்துக்கு அருகிலேயே, புதுச்சேரி ஜிப்மரில், 2011இல் வெளிவந்த ஆய்வில் 23 நோயாளிகள் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வீதம் ஐந்து நிமிடம் சுகப் பிராணாயாமம் செய்தார்கள். உடனே அழுத்தம் இறங்கியது. உடனே இறங்கும் என்பதாலேயே அது அளவுக்கு முன்னால் வரக்கூடாது. மெதுவாக மூச்சுவிட்டு எடுத்த 138ஐக் குறிப்பேட்டில் எழுதினால், கூட்ட வேண்டிய மருந்தைக் கூட்டாமல் போவோம். மற்ற 23 மணி நேரத்தை அந்த எண் மறைத்துவிடும். ஆகவே, அளக்கும் முன் மூச்சை மாற்றாமல் வெறுமனே அமைதியாக உட்காருதல். அளந்து, எண்ணை உரக்கச் சொல்லி எழுதுதல். அதன் பிறகே நிதான மூச்சு. மூச்சுக்குப் பின் மறுபடி அளந்து காட்டலாம், பதிவில் ஏற்றக்கூடாது.

கல்வியும் அந்த எண்ணில் இருந்தே தொடங்கட்டும். தலை சுற்றாமலே 160 இருக்கும் என்பதைத் தன் எண்ணைக் கண்ணால் பார்த்தவரிடம்தான் சொல்ல முடியும். அடுத்து உப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. கேழ்வரகுக் கூழில் பிரச்சினை இல்லை. அதற்குக் கடித்துக்கொள்ளும் கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய் இவற்றில் இருக்கிறது. ‘உப்பைக் குறையுங்கள்’ என்ற பொது அறிவுரையைக் காட்டிலும், தட்டில் இரண்டாவது துண்டுக்குக் கை நீளும் நொடியைக் கவனிக்கச் சொல்வது பயன் தரும். மனக்கவனம் இங்கே செய்யக்கூடிய வேலை அதுதான்.

சமயச் சாயல் பற்றி ஒரு சொல். செஞ்சிச் சீமை தியானத்துக்குப் புதிய மண் அன்று. திருநாதர்குன்றில் சமண முனிவர் சந்திரநந்தி 57 நாள் உண்ணாநோன்பிருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது, மேல்சித்தாமூரில் சமண மடம் இன்றும் இருக்கிறது. பெருமைக்குரிய மரபுதான். அரசுத் திட்டத்தில் அதைப் போர்த்த வேண்டியதில்லை. பல சமயத்தாரும் வந்து மாத்திரை வாங்கும் இடத்தில் மூச்சு வெறும் மூச்சாக இருக்கட்டும்.

யோகா செய்தால் மாத்திரையை விட்டுவிடலாம் என்ற பேச்சு ஊரில் எளிதில் பரவும். பக்கவாதம் அப்படித்தான் வீடு தேடி வருகிறது. எனவே மூச்சுப் பயிற்சியைச் சொல்லித்தரும் அதே கை, அந்த மாதத்து மாத்திரையையும் கொடுக்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். சுகாதாரத் துறை இதற்குப் புதிய திட்டம் எதுவும் தீட்ட வேண்டாம். தன்னார்வலர் ஒரு நாளில் பார்க்க வேண்டிய வீடுகளின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்து, ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தால் போதும்.