திங்கட்கிழமை எவரும் வாசிக்கலாம்

கவிதை வாசிக்கும் மேடையில் யார் ஏறலாம் என்பதை யார் தீர்மானிப்பது? தமிழர்களாகிய எமக்கு இந்தக் கேள்வி புதியதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையத்திலே அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரமே சொல்கிறது. அரங்கேற்றம் என்பது ஒரு பரீட்சை. அவை ஏற்றுக்கொண்டால்தான் நூல் வாழும்.

எமது கவியரங்கு இந்த மரபின் பேரப்பிள்ளை. தலைவர் ஒருவர் இருப்பார். தலைப்பு முன்கூட்டியே தரப்படும். அழைக்கப்பட்ட ஐந்தாறு கவிஞர்கள் வரிசையாக அமர்ந்திருப்பர். தலைவர் ஒவ்வொருவரையும் கவிதையாலேயே அழைப்பார். நல்ல அடி வந்தால் சபை ஆரவாரிக்கும்; கவிஞர் அதனை மீண்டும் ஒருமுறை சொல்வார். மஹாகவி, முருகையன், நீலாவணன் போன்றோர் ஏறிய மேடை அது. பத்திரிகைத் தொழிலில் நான் எழுதிய கவியரங்குச் செய்திகளுக்குக் கணக்கில்லை. தலைவர் பெயர், கலந்துகொண்டோர் பெயர், நன்றியுரை சொன்னவர் பெயர் என்று அவை எல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. சபையில் இருந்தவர்களுள் எத்தனை பேரின் சட்டைப்பையில் மடித்த தாளொன்றிலே கவிதை இருந்தது என்பது எந்தச் செய்தியிலும் வந்ததில்லை.

அந்த மடித்த தாளுக்காகவே ஏற்பட்ட ஒரு வழக்கத்தின் வரலாற்றைப் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகிறேன். ஆங்கிலத்தில் அதனை 'ஓபன் மைக்' என்கிறார்கள். திறந்த ஒலிவாங்கி என்று சொல்லலாம். வாரத்தில் ஒரு நாள், ஓர் இடம், பெயர் எழுத ஒரு தாள். வந்தவர் பெயரை எழுதுவார், முறை வந்ததும் எழுந்து வாசிப்பார். அழைப்பிதழும் இல்லை, தலைவரின் அறிமுகமும் இல்லை. இவ்வளவு எளிய ஏற்பாட்டுக்காக ஒரு பெருநகரத்தின் அதிகாரிகளோடு கவிஞர்கள் மோத வேண்டியிருந்தது என்பதை இன்று பலரும் அறியமாட்டார்கள்.

இடம் நியூயோர்க். மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதி, வந்தேறிகள் நெருக்கி வாழ்ந்த ஏழைப் பகுதி. வாடகை குறைவு என்பதால் கவிஞர்களும் ஓவியர்களும் அங்கு குடியேறினர். கிழக்கு ஏழாம் தெருவில் 'லே து மெகோ' என்ற கோப்பிக்கடை இருந்தது. பாரிஸ் நகரில் எழுத்தாளர்கள் கூடிய 'லே து மகோ' என்ற புகழ்பெற்ற உணவகத்தின் பெயரில் ஓர் உயிரெழுத்தை மாற்றி வைத்த பெயர் இது. பொருள், இரண்டு சிகரட் துண்டுகள். 1960களின் தொடக்கத்தில் இங்கு ஒரு வழக்கம் நிலைபெற்றது. திங்கட்கிழமை எவரும் வாசிக்கலாம். புதன்கிழமை, அழைக்கப்பட்ட கவிஞரின் வாசிப்பு. 1963 இல் இந்தக் கூட்டம் இரண்டாம் அவெனியூவில் இருந்த 'லெ மெட்ரோ' என்ற கோப்பிக்கடைக்கு மாறியது. திங்களும் புதனும் கூடவே வந்தன.

இந்த இரட்டை ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. புதன்கிழமை தரத்தைக் காத்தது. திங்கட்கிழமை கதவைக் காத்தது. திங்களன்று வாசித்த இளைஞர் ஒருவர் நாளடைவில் புதனுக்கு அழைக்கப்படலாம். புதனன்று வாசித்த பெயர்பெற்றவரும் திங்களன்று வந்து பின்வரிசையிலிருந்து கேட்கலாம். எமது கவியரங்கில் புதன்கிழமை மட்டுமே இருந்தது என்று சொல்லலாம்.

இந்த வாசிப்புகளைத் தோளில் சுமந்தவர்களுள் முதன்மையானவர் போல் பிளாக்பேர்ன். 1926 இல் பிறந்தவர். மத்தியகாலத் தென் பிரான்சின் பாணர்கள் பாடிய புரொவென்சல் மொழிப் பாடல்களை ஆங்கிலத்துக்குப் பெயர்த்தவர். வாயால் பாடப்பட்ட கவிதையில் தோய்ந்த ஒருவர் வாய்வழி வாசிப்பை வளர்க்க முன்வந்தது தற்செயலானதன்று. வாசிப்புகளுக்குக் கனமான ஒலிப்பதிவுக் கருவியைக் காவிச்சென்று, புகழ்பெற்றவர், பெயரறியாதவர் என்ற பேதமின்றிப் பதிவு செய்தார். அந்த நாடாக்கள் இன்று கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

1964 இல் சோதனை வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் நியூயோர்க்கில் உலகக் கண்காட்சி திறக்கப்பட இருந்தது. நகரத்தை 'சுத்தப்படுத்த' அதிகாரிகள் முனைந்தனர். தடைக்குரிய திரைப்படத்தைக் காட்டினார் என்று மார்ச் மாதத்தில் ஜோனாஸ் மீக்காஸ் கைதானார். ஆபாசமாகப் பேசினார் என்று அடுத்த மாதத்தில் நகைச்சுவையாளர் லெனி புரூஸ் கைதானார். கவிஞர்களிடம் வந்தது உரிமப் பத்திரம் பற்றிய அழைப்பாணை. லெ மெட்ரோவில் பொழுதுபோக்கு நிகழ்ச்சி நடக்கிறது, அதற்கு உரிமம் பெறவில்லை என்பது குற்றச்சாட்டு.

நியூயோர்க் நகரம் உரிமத்தை ஆயுதமாகக் கையாள்வதில் பழகிய நகரம். இரவு விடுதிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கு 1926 இலேயே வந்தது. 1940 முதல் 1967 வரை, விடுதிகளில் பாடுவோரும் இசைப்போரும் பொலிஸ் வழங்கிய அட்டையை வைத்திருக்க வேண்டும். பில்லி ஹொலிடே, தெலோனியஸ் மொங்க் போன்ற மாபெரும் கறுப்பினக் கலைஞர்கள் அந்த அட்டையை இழந்து, தமது சொந்த நகரத்தின் விடுதிகளிலேயே ஆண்டுக்கணக்காக வாசிக்க முடியாமல் இருந்தார்கள். 1926 ஆம் ஆண்டுச் சட்டம் 2017 இல்தான் நீக்கப்பட்டது. ஒரு கலையைத் தடைசெய்யாமலேயே அதனை மூச்சுத்திணற வைக்க உரிமம் போதும். இலங்கையில் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி கேட்டு அலைந்த எவருக்கும் இதனை விளக்கத் தேவையில்லை.

கவிஞர்கள் அடங்கிப் போகவில்லை. அலன் கின்ஸ்பேர்க், பிளாக்பேர்ன் முதலானோர் ஒன்றுசேர்ந்து அதிகாரிகளிடம் வாதாடினர். அவர்களது வாதம் எளியது. கவிதை வாசிப்பது பேச்சு. பேசுவதற்கு உரிமம் பெறவேண்டியதில்லை. வந்தவர் கோப்பி குடிக்கிறார், எழுந்து நின்று தாம் எழுதியதைப் படிக்கிறார். இதில் பொழுதுபோக்கு வணிகம் எங்கே இருக்கிறது? நகரம் பின்வாங்கியது. வாசிப்புகள் தொடர்ந்தன. சிறிய வெற்றிதான். ஆனால் ஒருவர் தம் கவிதையைப் பலர் முன்னிலையில் படிக்க எவரிடமும் கைகட்டி நிற்கவேண்டியதில்லை என்பது அந்தப் பகுதியில் நிலைநாட்டப்பட்டது.

வெளியிலிருந்து வந்த இடரைத் தாண்டிய கூட்டம் உள்ளிருந்து எழுந்த இடரால் கலைந்தது. லெ மெட்ரோவில் கறுப்பினக் கவிஞர்கள் தொடர்புபட்ட கைகலப்பு ஒன்று மூண்டது. அதன்பின் கவிஞர்கள் அந்த இடத்தைவிட்டு விலகினர். கதவு திறந்திருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, உள்ளே வருபவர் அனைவரும் சமமாக நடத்தப்படவும் வேண்டும் என்பதை அந்த விலகல் உணர்த்திற்று. 1966 இல் அருகிலேயே ஒரு புகலிடம் கிடைத்தது. பத்தாம் தெருவும் இரண்டாம் அவெனியூவும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் சென்ற் மார்க்ஸ் தேவாலயம். 'பொயட்ரி புரொஜெக்ட்' என்ற அமைப்பு அங்கு பிறந்தது.

இந்த இடத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. அது ஈழத்தமிழ் வாசகருக்குச் சற்று நெருக்கமானதும்கூட. நியூயோர்க் ஒருகாலத்தில் ஒல்லாந்தரின் குடியேற்றம். அதன் ஒல்லாந்த ஆளுநராக இருந்தவர் பீற்றர் ஸ்ரைவெசன்ற். தேவாலயம் நிற்கும் நிலத்தில்தான் அவரது குடும்பச் சிற்றாலயம் 1660 இல் எழுந்தது. அவரது உடலும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1799 இல் அர்ப்பணிக்கப்பட்டது. ஸ்ரைவெசன்ற் தமது திருச்சபையைச் சேராதவர்களின் கூட்டங்களைத் தடைசெய்தவர். குவேக்கர்கள் கூடுவதைத் தடுத்த அவரது ஆணையை எதிர்த்து 1657 இல் குடிமக்கள் மனுவொன்றில் கையெழுத்திட்டனர். அதற்கு அடுத்த ஆண்டில்தான் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது. அவர்கள் அங்கு கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். ஒருவர் கம்பனி மேற்கிலும் மற்றவர் கம்பனி கிழக்கிலும் இருந்தாலும் மனப்போக்கு ஒன்றுதான். கூட்டத்தைக் கண்டு அஞ்சிய அந்த ஆளுநரின் சமாதிக்கு மேலேதான், மூன்று நூற்றாண்டுகள் கழித்து, எவரும் எழுந்து பேசலாம் என்ற திங்கட்கிழமை நிலைபெற்றது.

தொடக்கப் பணம் வந்த வழியும் வேடிக்கையானது. வழிதவறும் இளைஞரைத் திருத்துவதற்கென அமெரிக்க மத்திய அரசு ஒதுக்கிய நிதியிலிருந்து அது கிடைத்தது. கலை கற்பித்தால் இளைஞர் குற்றத்துக்குப் போகமாட்டார்கள் என்பது திட்டம். கவிஞர் ஜோயல் ஒப்பன்ஹைமர் முதல் பணிப்பாளரானார். அவருக்கு உதவியாக இருந்த ஆன் வால்ட்மன் 1968 இல் பொறுப்பேற்றபோது இருபத்துமூன்று வயதுப் பெண். பத்து ஆண்டுகள் அதனை நடத்தினார். தேவாலயத்திலிருந்தே 'த வேர்ல்ட்' என்ற சஞ்சிகையை 1967 முதல் ரோனியோ செய்து வெளியிட்டார்கள். மெழுகுத்தாளில் தட்டெழுதி, மைபூசி, ஒவ்வொரு தாளாக இழுத்தெடுத்து, சுற்றி நடந்து அடுக்கி, பின்னடித்து முடிப்பதன் சிரமம் எமது தலைமுறைக்குத் தெரியும். திங்களன்று கேட்ட குரல் சில வாரங்களில் தாளில் வந்தது.

1971 பெப்ரவரி 10 ஆம் திகதி அந்தத் தேவாலயத்தில் பற்றி ஸ்மித் என்ற இளம்பெண் கவிதை வாசித்தார். பக்கத்தில் லெனி கே கித்தார் வாசித்தார். பின்னாளில் றொக் இசையுலகில் பெரும்புகழ் பெற்றவர் அவர். 1974 முதல் ஒவ்வொரு புத்தாண்டு நாளிலும் நெடுநேர வாசிப்பு நடத்தும் வழக்கம் ஏற்பட்டது. 1978 இல் பெருந்தீ தேவாலயத்தைச் சிதைத்தது. கட்டடம் திருத்தப்பட்டது, வாசிப்பும் மீண்டது.

இந்த வரலாற்றைப் பொன்னாடை போர்த்திச் சொல்ல நான் விரும்பவில்லை. திறந்த ஒலிவாங்கியில் சலிப்பூட்டும் கவிதைகளே அதிகம். நேரம் மீறுவோர், தமது முறை முடிந்ததும் எழுந்து போவோர், கவிதையென்று நாட்குறிப்பை வாசிப்போர் எல்லா ஊரிலும் உண்டு. கதவு திறந்திருந்தும் தமது மொழிக்கு அங்கே செவியில்லை என்று உணர்ந்தோரும் இருந்தனர். அதே கீழ்க்கிழக்குப் பகுதியில் வாழ்ந்த புவேர்ட்டோ ரிக்கோ மக்கள், ஸ்பானியமும் ஆங்கிலமும் கலந்த தமது பேச்சுக்குத் தனியிடம் தேடினர். 1973 அளவில் மிகுவேல் அல்கரீன் என்ற கவிஞரின் வீட்டு வரவேற்பறையில் தொடங்கிய கூட்டமே பின்னர் 'நியூயோரிக்கன் பொயட்ஸ் கஃபே' ஆயிற்று. ஒரு கதவு இன்னொரு கதவுக்கு வழிகாட்டியது.

ஆனாலும் வாரந்தோறும் என்பதில்தான் இதன் பலம் இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை மேடையேறுபவர் அந்த ஒரு நாளில் வென்றாக வேண்டும்; எனவே கைதட்டல் கிடைக்கும் என்று தெரிந்ததையே எழுதுவார். அடுத்த திங்கள் உண்டு என்று அறிந்தவருக்கு இந்தத் திங்கள் தோற்கும் துணிவு வருகிறது. தோற்கத் துணியாத கவிதை வளர்வதில்லை. கேட்பவரும் அப்படித்தான். கிழமைக்கொருமுறை கேட்கும் செவி, மூன்று மாதத்துக்குள் நல்லதையும் போலியையும் பிரித்தறியப் பழகிவிடுகிறது. எமது பழைய அவையங்கள் செய்த அதே வேலையை, தலைவரின்றி, ஆசானின்றி, அந்தக் கோப்பிக்கடைக் கூட்டம் செய்தது.

பிளாக்பேர்ன் 1971 இல் காலமானார். அதே 1971 இல்தான் எமது மஹாகவியும் மறைந்தார். பிறந்ததும் ஓராண்டு இடைவெளியில். மஹாகவி 1927 இல் பிறந்தவர். ஒருவரையொருவர் அறியாத இந்த இரு கவிஞர்களும் பேச்சோசையைக் கவிதைக்குள் கொண்டுவர முயன்றவர்கள். நியூயோர்க்கின் சிறிய கோப்பிக்கடையொன்றில் பெயர் தெரியாத ஒருவர் அன்றைய திங்கட்கிழமை எப்படி வாசித்தார் என்பதைப் பிளாக்பேர்னின் நாடாக்களில் இன்றும் கேட்கலாம். எமது கவியரங்குகளில் எத்தனையின் குரல் எம்மிடம் இருக்கிறது? 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்று கணக்குச் சொல்கிறோம். பதியப்படாமலே காற்றோடு போன குரல்களுக்குக் கணக்கே இல்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் தாள்களோடு குரல்களையும் சேர்த்து வைக்க முயல்வது இந்த வகையில் பெரிய ஆறுதல்.

கவியரங்கு வேண்டாம் என்பது என் கருத்தன்று. யாப்பையும் அவையடக்கத்தையும் எமக்குக் கற்பித்தது அது. புலம்பெயர்ந்த எழுத்தாளர்கள் 1988 இல் ஜேர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு, நாடு விட்டு நாடு சென்று பலரையும் பேசவைத்த முன்னுதாரணமும் எம்மிடம் இருக்கிறது. குறைவாக இருப்பது அடிக்கடி கூடும் சிறிய இடம். மட்டக்களப்பிலோ ரொறன்ரோவிலோ ஹட்டனிலோ இலண்டனிலோ, இருபது கதிரைகள் உள்ள ஓர் அறை, கிழமையில் மாறாத ஒரு மாலை, வாசலில் ஒரு தாளும் பேனையும், மேசையில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி இருந்தால் போதும். கனமான கருவியைத் தோளில் சுமந்த பிளாக்பேர்னுக்கு இருந்த சிரமம்கூட இன்று இல்லை. எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது.

தாளில் முதல் பெயரை எழுத ஒருவர் வேண்டும். அவர் பெரிய கவிஞராக இல்லாமல் இருப்பதே நல்லது. அவரைப் பார்த்துத்தான் இரண்டாமவருக்குச் சட்டைப்பையிலுள்ள தாளை எடுக்கத் துணிவு வரும்.