பிரதியைக் கொடுக்கப் போனவர்

தெருவில் எதிர்ப்படும் அந்நியரின் முகத்தைப் படமெடுக்கும் கலை ஒரு ஏமாற்றில்தான் வேர்விட்டது. 1916ல் நியூயார்க் தெருக்களில் பால் ஸ்ட்ராண்ட் தம் காமிராவில் ஒரு பொய் லென்ஸைப் பொருத்திக்கொண்டார். அது ஒருபுறம் பார்த்திருக்க, உண்மை லென்ஸ் வேறுபுறத்து மனிதரைப் பிடித்தது. அந்த வரிசையில் புகழ்பெற்றது, தான் குருடு என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டி நிற்கும் பெண்ணின் முகம். அவளிடம் பொய் லென்ஸ்கூடத் தேவைப்பட்டிராது. வாக்கர் எவன்ஸ் 1938லிருந்து 1941 வரை அதே நகரத்தின் பாதாள ரயிலில், கோட்டுக்குள் காமிராவை மறைத்துக்கொண்டு எதிர்இருக்கைக்காரர்களை எடுத்தார். அவை புத்தகமானது 1966ல்தான். அந்தத் தாமதத்தில் கொஞ்சம் மனசாட்சியும் இருந்திருக்கும் என்று நினைக்கவே எனக்கு விருப்பம்.

தெரியாமல் எடுத்தால்தான் முகமூடியில்லாத முகம் கிடைக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். படங்கள் அசாதாரணமானவை, மறுக்கவில்லை. ஆனால் முகமூடியைக் கழற்றுவது யாருடைய உரிமை?

இங்கே எனக்கு மில்டன் ரோகோவின் நினைவு வருகிறது. பஃபலோ நகரத்தில் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பது அவர் தொழில். 1957ல், கம்யூனிஸ்டுகளைத் துருவிக்கொண்டிருந்த காங்கிரஸ் விசாரணைக் கமிட்டிமுன் பதில்சொல்ல மறுத்தார். உள்ளூர்ப் பத்திரிகை அவரை ஊரின் முதல் சிவப்பர் ஆக்கியது, தொழில் சரிந்தது. சந்தேகப் பார்வை என்னவென்று அனுபவித்த அந்த மனிதர்தான் 1972ல் லோயர் வெஸ்ட் சைடின் ஏழைத் தெருக்களில் காமிராவோடு இறங்கினார். அவர்களும் முதலில் அவரைச் சந்தேகித்தார்கள். மனைவி ஆன் கூடவே நடந்தார். கேட்டுவிட்டு எடுத்தார், எப்படி நிற்பது என்பதை அவர்களிடமே விட்டார். அவருடையது ரோலிஃப்ளெக்ஸ், தலைகுனிந்து பார்க்கவேண்டிய காமிரா. பிறகு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

எண்பதுகளில் திரும்பவும் போனார். தொண்ணூறுகளில் போனார். 2000க்குப் பிறகு, தொண்ணூறு வயதில், நான்காம் முறையும் போனார். அதே மனிதர்கள், இடுப்பிலிருந்த குழந்தை அடுத்த படத்தில் வளர்ந்து நிற்கிறது. சிலர் இறந்திருந்தார்கள். அவர்கள் காமிராவை நேராகப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையை ஸ்ட்ராண்டின் லென்ஸ் எட்டவேயில்லை. நம்பிக்கை முதல் சந்திப்பில் கேட்டுப் பெறுவதல்ல, மறுசந்திப்பில் உண்டாவது என்று எனக்குப் படுகிறது.

தெருவிலிருந்து பாத்திரங்களைத் தூக்கிவந்து கதையாக்கும் நாம், யாருக்காவது பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோமா?