கணினிக்காக வராத மாணவர்: அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் கணினி அறிவியலின் வளர்ச்சி

அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் சேர்பவர் சேர்க்கையின்போதே துறையைத் தேர்வதில்லை. தத்துவம், வரலாறு, உயிரியல் எனப் பலவும் படித்துப் பார்த்துவிட்டு, பொதுவாக இரண்டாம் ஆண்டு முடிவில்தான் முதன்மைப் பாடத்தை அறிவிக்கிறார். அதற்குக் கிடைப்பதும் நான்காண்டுப் படிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இந்த நெருக்கடி கணினி அறிவியலை நீர்த்துப்போகச் செய்யும் என்று பலரும் கருதினர். ஆனால் அத்துறையின் அடிப்படை எது என்ற கேள்வியைக் கூர்மையாக்கியதே இந்த நெருக்கடிதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1950களின் பிற்பகுதியில் நியூ ஹாம்ப்ஷயரின் டார்ட்மத் கல்லூரியில் நிரல் எழுதியவர்களுக்கு ரயில்தான் துணை. கணிதப் பேராசிரியர் தாமஸ் கர்ட்ஸ் துளை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி எம்.ஐ.டி.யின் ஐ.பி.எம். 704 கணினிக்கு எடுத்துச் செல்வார். நிரலில் பிழை இருந்தால் மறுபடியும் பயணம். அவருக்கும் சக பேராசிரியர் ஜான் கெமனிக்கும் இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. டார்ட்மத் மாணவர்களில் பெரும்பான்மையோர் அறிவியல் படிக்காதவர்கள். நாளை அரசிலும் வணிகத்திலும் முடிவெடுக்கப்போகும் அவர்கள் கணினியைத் தொடாமலே பட்டம் பெறுவதை இருவரும் ஏற்கவில்லை. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நேரப் பகிர்வு முறையும் பேசிக் என்ற நிரல்மொழியும் இந்தக் கவலையில்தான் பிறந்தன. 1964 மே 1, அதிகாலை 4 மணிக்கு கெமனியும் ஒரு மாணவரும் இரண்டு டெலிடைப்களில் ஒரே சமயத்தில் ‘ரன்’ என்று தட்டினார்கள். இரண்டிலும் சரியான விடை வந்தது. அந்த அமைப்புக்கான மென்பொருளில் பெரும்பகுதியை எழுதியவர்கள் இளங்கலை மாணவர்களே. பேசிக்கின் எளிமையைக் குறையாகப் பார்ப்போர் அது யாருக்காக எழுதப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பெண்கள் கல்லூரிகளின் பங்கு இந்த வரலாற்றில் போதிய அளவு பேசப்படவில்லை. கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி. 1965இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற மேரி கென்னத் கெல்லர், அயோவா மாநிலத்தின் கிளார்க் கல்லூரியில் கணினி அறிவியல் துறையைத் தொடங்கி, இருபது ஆண்டுகள் அதற்குத் தலைமை தாங்கினார். வாசர் கல்லூரியில் இதே பணியைச் செய்தவர் வினிஃபிரெட் ஆஸ்ப்ரே. அவர் அங்கே கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பரிடம் கணிதம் பயின்றவர்.

அடுத்த இருபதாண்டுகள் எளிதாக இல்லை. கணினியியலாளர்களின் சங்கமான ஏ.சி.எம். 1968இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் ஆய்வுப் பல்கலைக்கழகங்களையே பெரிதும் மனத்தில் கொண்டது. அடுத்து வந்த ‘78 பாடத்திட்டம் நிரலாக்கத்தின் பக்கம் சாய்ந்து கணிதத்தைக் கைவிட்டது என்று 1980இல் கணினி அறிவியலாளர்கள் ஆன்டனி ரால்ஸ்டனும் மேரி ஷாவும் கண்டித்தார்கள். இரண்டு மூன்று ஆசிரியர்களே உள்ள சிறு கல்லூரித் துறைகளுக்கு இவை எதுவுமே பொருந்தவில்லை.

1984இல் ஸ்லோன் அறக்கட்டளையின் ஆதரவோடு இக்கல்லூரிகளின் ஆசிரியர்கள் சிலர் ஒன்றுகூடினர். நார்மன் கிப்ஸும் ஆலன் டக்கரும் 1986இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் அதன் விளைவு. என் பார்வையில், இந்த வரலாற்றின் முதன்மையான ஆவணம் இதுதான். கணினி அறிவியலைப் படிமுறைகள், தரவுக் கட்டமைப்புகள் ஆகியவற்றின் முறையான ஆய்வு என்று அது வரையறுத்தது. இரண்டு அறிமுகப் பாடங்களுக்குப் பின் மையப் பாடங்கள் நான்குதான்: கணினி அமைப்பு, படிமுறைகள், கணிமைக் கோட்பாடு, நிரல்மொழிகளின் கொள்கைகள். கூடவே தனிநிலைக் கணிதம். சந்தையில் அன்று ஓடிய கருவிகளுக்கு அந்த மையத்தில் இடமில்லை. இடம் குறைவு என்பதால்தான் எதை விடக்கூடாது என்று முடிவுசெய்ய நேர்ந்தது. பின்னர் ஏ.சி.எம்.மும் ஐ.இ.இ.இ. கணினிச் சங்கமும் இணைந்து உருவாக்கிய 1991 பாடத்திட்டக் குழுவுக்கு இணைத் தலைமை ஏற்றவரும் இதே டக்கர்தான்.

எதைக் கற்பிப்பது என்பதோடு, கணினிக்காக வராதவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வியும் இருந்தது. கலிபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியில் எல்லா மாணவரும் முதல் பருவத்திலேயே கணினி அறிவியல் படித்தாக வேண்டும். முன் அனுபவம் உள்ளவர்கள் வகுப்பில் முந்திக்கொண்டு பேச, புதியவர்கள், அவர்களில் குறிப்பாகப் பெண்கள், ஒதுங்கினார்கள். மரியா கிளாவே தலைவராக வந்த 2006ஆம் ஆண்டையொட்டி ஆசிரியர்கள் ஜாவாவை விட்டுப் பைத்தானுக்கு மாறினார்கள். அனுபவமில்லாதவர்களுக்குத் தனிப் பிரிவு அமைத்தார்கள். பிற அறிவியல் துறைகளிலிருந்து சிக்கல்களை எடுத்துப் பயிற்சியாகக் கொடுத்தார்கள். கணினி அறிவியலை முதன்மைப் பாடமாக எடுத்தவர்களில் பெண்களின் பங்கு சில ஆண்டுகளிலேயே சுமார் 10 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்தது.